ஓடெல் பக்னர் தோட்டா தேர்ந்தெடுத்த விதம்

என் அக்கா வெல்டாவின் கணவர் ஓடெல் பக்னர் பல வருடங்களாகத் தன்னுடைய கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் ஆரம்பித்த பிறகு காதலித்து, கல்யாணம் செய்து, ஒத்துவராமல் பிரிந்து, வேறு ஆளைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்கூட எங்கள் கேட்ஸ் ஃபோர்க் ஊரில் இருக்கிறார்கள். ஓடெல் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

துப்பாக்கி பெரியதாக இருந்தாலாவது ஒரு நியாயம் உண்டு. இது உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினால் காணாமல் போய்விடும். முப்பத்திரண்டு காலிபர். கால்சட்டைப் பையில் போட்டால் பர்ஸ் என்றுதான் நினைப்பார்கள். டோய்ல் ஸ்கேக்ஸ் அதை 'மூக்குப்பொடி டப்பா' என்பார். டோய்ல், ஷெரீஃப் அலுவலகத்தில் டெபுடியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றுவிட்ட செய்தியை அவருக்கு யாரும் இன்னும் தெரிவிக்கவில்லை.

நான் லைல். கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் மாட்டுத்தீவனம், முள்கம்பி, ஆணி, விதை. பின்பக்கம் துப்பாக்கியும் தோட்டாவும். அதற்குப் பக்கத்தில் ஒரு வட்ட மேஜை, ஒரு காபிப் பானை, காலையிலிருந்து மதியம்வரை எழுந்திருக்காத நாலைந்து ஆண்கள். இவர்கள் என்னிடம் வாங்குவதைவிட என் காபியைக் குடிப்பது அதிகம். மேஜையைத் தூக்கி வெளியே போடலாம் என்று வருடத்துக்கு ஒரு தடவை நினைப்பேன். போட்டால் அவர்கள் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அந்த மேஜையில் 'பையில என்ன போட்டிருக்க?' என்று கேட்பது, வீட்டுக்காரி சௌக்கியமா என்று விசாரிப்பது மாதிரி. ஒரே வித்தியாசம், இந்தக் கேள்விக்கான பதிலைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

சண்டை இதுதான். குழிமுனைத் தோட்டா உடம்புக்குள் போனதும் முனை விரிந்து, பெரிய காயம் பண்ணி, அங்கேயே நிற்க வேண்டும். ஆனால் ஓடெலுடையது போன்ற துப்பாக்கியின் குழல் கட்டைவிரல் நீளம்தான். அதிலிருந்து போகும் வேகத்தில் சில சமயம் முனை விரியாது. விரிந்தால் ஆழமாகப் போகாது. உருண்டைமுனைத் தோட்டா ஆழமாகப் போகும், ஆனால் விரியாது; சில சமயம் எதிராளியைத் தாண்டிப் பின்னால் நிற்பவர் வரைக்கும் போகும். இது தவிர, குழிமுனை ஒரு மயிரிழை நீளம் குறைவு. பையில் குலுங்கிக் குலுங்கி, தோட்டா அடுக்கும் மேகசினுக்குள் மேலே இருக்கும் தோட்டாவின் அடிவிளிம்பு கீழே இருப்பதன் அடிவிளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் துப்பாக்கி வெறும் பேப்பர் வெயிட். இதில் எது சரி என்பதற்கு உலகத்தில் பதில் கிடையாது. பதில் இருந்திருந்தால் என் காபிச் செலவு பாதியாகக் குறைந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தோட்டாவை நம்பிப் பையில் வைப்பதற்கு முன்னால், அதே துப்பாக்கியில் அதே தோட்டாவை நூறு தடவை சுட வேண்டும். துப்பாக்கி ஒரு தடவைகூட நடுவில் சிக்கி நிற்கக் கூடாது. நின்றால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். இதை எவரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினவனை மேஜை மதிக்காது. அதே நேரம், சோதித்துக்கொண்டிருப்பவனை மேஜை ஒருபோதும் கேலி செய்யாது. 'இன்னும் முடிவு பண்ணல' என்பது எங்கள் ஊரில் கௌரவமான பதில். கல்யாண விஷயத்தில் அப்படிச் சொன்னால்தான் சிரிப்பார்கள்.

இப்போது உள்விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தப்பான இடத்தில் சிரித்துவைப்பீர்கள்.

ஓடெல் இங்கே சட்டை ஃபேக்டரியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். ஒல்லி ஆள், மெதுவாகப் பேசுவார். நூறு பெண்கள் ஒரே நேரத்தில் தைக்கும் இரைச்சலில், எந்த மெஷின் இன்றைக்கு மதியம் மக்கர் பண்ணும் என்று காதாலேயே கண்டுபிடிப்பார். ஃபேக்டரியை மூடியபோது மெஷின்களை லாரியில் ஏற்றுவதற்காகத் தரையிலிருந்து போல்ட் கழற்றும் வேலையையும் அவருக்கே கொடுத்தார்கள். கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்க் களஞ்சியத்தில் உட்கார்ந்திருப்பார். குளிரில், விளக்குகூடப் போடாமல்.

ஒரு நாள் வெல்டா கடைக்கு வந்து காரின் டிக்கியைத் திறந்தாள். உள்ளே மெத்தைப் போர்வையில் சுற்றி, ஓடெலின் மான் வேட்டைத் துப்பாக்கிகள் எல்லாம் இருந்தன.

"இதையெல்லாம் உன் பெட்டகத்துல வச்சுப் பூட்டு. ஏன்னு கேக்காத," என்றாள்.

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. போர்வையோடு சேர்த்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனேன். மறுநாள் ஓடெலே வந்து, பையிலிருந்த சின்னதையும் அதன் தோட்டாக்களையும் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். வெல்டா போதும் என்று சொல்கிறவரை வீட்டில் ஒரு தோட்டாகூட இருக்காது என்று ஓடெல் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

வசந்தம் வந்தது. மருந்து ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், ஷெட்டில் ஊர்ப் பெண்களின் பழைய தையல் மெஷின்களை ரிப்பேர் செய்கிற வேலை ஒரு பக்கம் என்று ஓடெல் மெல்ல எழுந்தார். பீன்ஸ் சூப்புக்குச் சோளரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சர்ச்சில் மறுபடி அடிக்குரலில் பாடினார். அப்புறம் ஒரு நாள் அந்தச் சின்னத் துப்பாக்கியை மட்டும் திருப்பிக் கேட்டார். வெறும் துப்பாக்கி, தோட்டா வேண்டாம். வெறும் பையோடு அந்த மேஜையில் உட்கார்ந்தால் ஏன் என்று கேட்பார்கள். அவர் எதையும் தாங்குவார், அந்த 'ஏன்' ஒன்றைத்தான் தாங்க மாட்டார். வெல்டா ஒரு வாரம் யோசித்துவிட்டு இரும்புக்குச் சரி என்றாள், ஈயத்துக்கு மாட்டேன் என்றாள்.

இப்படித்தான் தோட்டா தேர்ந்தெடுக்கும் படலம் ஆரம்பமானது. சனிக்கிழமைகளில் என் கடைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் ஓடெல் சுடுவார். தோட்டாப் பெட்டி என்னுடையது. மிச்சத்தை நான் வாங்கிப் பூட்டுவேன். அவர் காலி துப்பாக்கியோடு வீட்டுக்குப் போவார். முடிவாகும்வரை கைக்குக் கிடைத்த எதையோ போட்டுக்கொண்டு திரிகிறார் என்று மேஜை நினைத்துக்கொண்டது. அவர் மறுக்கவில்லை. உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். வாக்கையும் காப்பாற்ற வேண்டும், மேஜையில் தலைநிமிர்ந்தும் உட்கார வேண்டும். இது இரண்டுக்கும் நடுவில் அவருக்கு இருந்த ஒரே இடம் அந்த 'இன்னும் முடிவு பண்ணல' மட்டுமே.

முடிவு பண்ணாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டில் பாதி பட்டிருந்தால் எவனும் ஒரு வக்கீல் ஆகியிருப்பான். இவ்வளவு சின்னத் துப்பாக்கியை மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தளர்த்திப் பிடித்தால் அடுத்த தோட்டா ஏறாமல் நின்றுவிடும். இருட்டில் ஊசியில் நூல் கோர்க்கிற கை ஓடெலுடையது. அந்தக் கை எண்பது தடவை பாறை மாதிரி நிற்கும். தொண்ணூறு தாண்டியதும் மணிக்கட்டு மட்டும் களைத்துப்போகும்.

"அட, நின்னுடுச்சே," என்பார், உண்மையான துக்கத்தோடு.

மேஜையும் துக்கப்படும். அடுத்த வாரம் வேறு கம்பெனித் தோட்டா. ஒரு தடவை துப்பாக்கிக்குள் ஏதோ பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் பெப்பர்மின்ட் மிட்டாய். துப்பாக்கி இருக்கிற பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்று டோய்ல் அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார். ஓடெல் பணிவாகத் தலையாட்டினார். அடுத்த மாதமும் பெப்பர்மின்ட் இருந்தது.

டோய்லுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. பிறத்தியார் முடிவெடுக்காமல் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி, முன்னால் பழைய ஜீன்ஸ் துணியை நாலாக மடித்துத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தார். அதில் திருப்தி இல்லாமல், ஈஸ்டருக்கென்று அவருடைய மனைவி இமோஜீன் வாங்கி வைத்திருந்த பன்றித் தொடையைத் தூக்கி வந்து சுட்டார். இமோஜீன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதே தொடையை வேகவைத்துப் பரிமாறி, வந்த விருந்தாளிகளிடம் கொஞ்சம் பார்த்து மெல்லுங்கள் என்றாள். நானும் அந்த விருந்துக்குப் போயிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சிக்கல் சர்ச்சிலிருந்து வந்தது. வேறு மாநிலத்தில் எங்கோ ஒரு சர்ச்சுக்குள் துப்பாக்கிச் சூடு நடந்த செய்தியைக் கேட்டுவிட்டு, எங்கள் பாஸ்டர் பிரதர் எல்பர்ட் ஒரு காவல் குழு வேண்டும் என்றார். டோய்ல் தலைவர், வேறு யார் ஆக முடியும்? வாசலில் நின்று ஆராதனைத் தாள் கொடுக்கிற ஆளாக ஓடெலைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், மற்ற எல்லாருடைய துப்பாக்கியும் கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு குழந்தைகளைப் பயமுறுத்தும், ஓடெலுடையது தெரியாது. அதில் ஒன்றுமே இல்லை என்பதும் தெரியாது. வெல்டா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஞாயிறுகளில் அவள் யாருக்காக ஜெபித்தாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்று நாலு ஞாயிறு போனதும் டோய்ல் மேஜையில் காபிக் கோப்பையை வைத்தார்.

"வாசல்ல நிக்கிறவன் முடிவு பண்ணாம நிக்கக் கூடாது ஓடெல். இந்தச் சனிக்கிழமை நானே முடிச்சுத் தரேன்."

சனிக்கிழமை வந்தார். இமோஜீனின் வான்கோழி வறுக்கும் தட்டில் உடம்புச் சதைக்குப் பதிலாக என்று ஜெலட்டின் காய்ச்சி ஊற்றி, கட்டியாக உறையவைத்துத் தூக்கி வந்திருந்தார். மேஜை மொத்தமும் எழுந்து மண்மேட்டுக்குப் போனது. அது எழுந்து நடந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். டோய்ல் ஓடெலின் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். ஓடெலைச் சுடவிடாமல் தானே சுட ஆரம்பித்தார். டோய்லின் மணிக்கட்டு வேலிக்கம்பம். குழிமுனை விரியவில்லை, விரிந்த ஒன்றும் பாதியில் நின்றது. உருண்டைமுனை கட்டிக்குள் வேண்டிய ஆழம் போனது. சரி, இதுதான் என்று உருண்டைமுனையை எடுத்து, பெட்டி பெட்டியாகப் பிரித்து நூறும் சுட்டார். அந்தப் பாழாய்ப்போன துப்பாக்கி ஒரு தடவைகூட நிற்கவில்லை. தொண்ணூறுக்கு மேல் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடெலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றின மெஷின்கள் லாரியில் போவதைப் பார்த்த முகம் அது.

டோய்ல் மேகசினை நிரப்பினார். உள்ளே தள்ளினார். துப்பாக்கியின் மேல்பகுதியை இழுத்துவிட்டுக் குழலுக்குள் ஒன்றை ஏற்றி, மேகசினை வெளியே எடுத்து அந்த இடத்துக்கு இன்னொன்றையும் வைத்து மறுபடி உள்ளே தள்ளி, துப்பாக்கியை ஓடெலின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.

"இந்தா. முடிஞ்சுது. இனி இதப் பத்திப் பேச்சே கிடையாது."

எல்லாரும் கை தட்டினார்கள். பெட்டகத்துச் சாவி என் பையில் இருந்தது. தோட்டாக்களை எல்லார் முன்னாலும் திருப்பிக் கேட்டால் காரணமும் வெளியே வந்துவிடும், அதைச் சொல்லும் உரிமை என்னுடையது இல்லை. "உள்ள வந்து ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க ஓடெல்," என்றேன். "அப்புறம் லைல்," என்றார். பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். நான் ஓடிப்போய் வெல்டாவுக்குப் போன் பண்ணினேன். கேட்டுக்கொண்டாள். "சரி," என்று வைத்துவிட்டாள்.

இதற்குப் பிறகு நடந்தது வெல்டா சொல்லித் தெரியும். பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே வாசலுக்கு வந்து நின்றிருக்கிறாள். எங்கள் கடையிலிருந்து அவர்கள் வீடு வண்டியில் ஒரு சிகரெட் பிடித்து முடிக்கிற தூரம். அந்த நேரம் அவளுக்கு எப்படிப் போனது என்று அவள் சொல்லவில்லை. வண்டி வந்து வால்நட் மரத்தடியில் நின்றது. ஓடெல் இறங்கவில்லை. அவள் பக்கத்தில் போனாள். கண்ணாடி இறக்கியிருந்தது. அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"வெல்டா, இது நிறைஞ்சிருக்கு," என்றார். "நான் வழியில எங்கயும் நிறுத்தல. நேரா உன்கிட்டதான் வந்தேன். வீட்டுக்குள்ள கொண்டு வரல பாரு."

"பாத்தேன். நகந்து உக்காரு," என்றாள் வெல்டா.

மாவுக் கையோடு அவளே வண்டியைத் திருப்பினாள்.

மேஜை வெற்றிக் களிப்பில் பிஸ்கோத்தும் சீஸும் தின்றுகொண்டிருந்தபோது வண்டி வந்து நின்றது. வெல்டா இறங்கவில்லை. ஓடெல் தனியாக உள்ளே வந்தார். கவுண்டரில் துப்பாக்கியை வைத்து, மேகசினைக் கழற்றி, குழலுக்குள் இருந்ததையும் எடுத்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வரிசையாக அடுக்கினார். ஃபேக்டரியில் நூல் சுற்றிய பாபின்களை அப்படித்தான் அடுக்குவார்.

"லைல், இதப் பூட்டி வை," என்றார்.

டோய்ல் பாதி எழுந்துவிட்டார். "என்ன கோளாறு? நின்னுடுச்சா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. இத்தனை வருடமாக அவர் சொல்லிவந்த பொய்தான், வாயில் தயாராக இருந்தது. நான்கூட அதைச் சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினேன்.

"இல்ல டோய்ல். நல்லாத்தான் இருக்கு," என்றார் ஓடெல். "ஃபேக்டரி மூடுன குளிர்காலத்துல நான் சரியில்லாம இருந்தேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. வீட்டுல ஒரு தோட்டாகூட இருக்காதுன்னு வெல்டாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். இத்தனை நாளும் வெறும் துப்பாக்கிதான். சர்ச் வாசல்லயும் வெறும் துப்பாக்கிதான்."

காபிப் பானை சீறிக்கொண்டிருந்தது. ஒருவரும் வாயிலிருந்ததை மெல்லவில்லை. இந்த ஆட்கள் மீது எனக்கு எத்தனையோ தடவை கோபம் வந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு ஆள் சிரித்திருந்தாலும் மேஜையோடு சேர்த்துத் தூக்கி ரோட்டில் போடத் தயாராக இருந்தேன்.

டோய்ல் எழுந்து கவுண்டருக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கழுத்து சிவந்திருந்தது.

"நூறு பத்தாது," என்றார்.

தோட்டாவை வரிசையில் திரும்ப வைத்தார்.

"இவ்வளவு சின்னத் துப்பாக்கிக்கு நூறு ரவுண்டெல்லாம் பத்தவே பத்தாது. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஐநூறாவது வேணும்."

குளிரில் சோதிக்கவே இல்லையே என்றார் மேஜையிலிருந்து ஒருவர். இன்றைக்கு வெயில் அல்லவா, குளிரில் ஸ்பிரிங் வேறு மாதிரி இருக்கும் என்றார். ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று யார் பார்த்தார்கள் என்றார் இன்னொருவர். ஜெலட்டின் சரியாக உறையவில்லை, அதை நம்ப முடியாது என்று டோய்லே தன் சாட்சியைக் கலைத்தார். உட்காருப்பா என்று ஓடெலை உட்காரவைத்து, அவரிடமே அபிப்பிராயம் கேட்டார்கள். ஓடெல் ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டுக் காபியைக் குடித்தார். வெளியே வெல்டா ஹாரன் அடிக்கிறவரை விவாதம் நடந்தது. அவள் மாவு காய்ந்துபோகிறது என்றுதான் அடித்தாளாம்.

சர்ச் வாசலில் ஓடெல்தான் தொடர்ந்து நின்றார். டோய்ல் மட்டும் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து, கதவோரத்து பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். முன்னால் ஃபேன் காற்று காதில் அடிக்கிறது என்று காரணம் சொன்னார்.

போதும், வாக்கு முடிந்தது என்று வெல்டா சொல்லியே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் ஓடெல் வேட்டைக்கு மட்டும் வந்து மான் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம் திருப்பித் தருகிறார். சின்னதற்கு இன்னும் முடிவு பண்ணவில்லை என்கிறார். ஐநூறில் பாதியைத் தாண்டியாயிற்று, தாண்டும்போதெல்லாம் யாராவது ஒரு புதுச் சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் டோய்ல்.

போன இலையுதிர் காலத்தில் இமோஜீன் இறந்துபோனாள். தோட்டத்தில் இருந்தவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அடக்கத்துக்குப் பிறகு டோய்ல் மேஜைக்கு வரவில்லை. ஊர்க்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் மூடி திறக்காமல் வாசலிலேயே இருப்பதாகச் சொன்னார்கள். ஓடெல் தினமும் காலையில் போய், கதவைத் தட்டாமல் வாசல்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்.

ஒரு காலை, மேஜைக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. என் தீவன மூட்டை தைக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஓடெல் மட்டும் உட்கார்ந்திருந்தார். டோய்ல் உள்ளே வந்தார். அடக்கத்துக்குப் போட்டிருந்த அதே கோட்டு, சவரம் இல்லை. கையில் ஒரு பழைய தீவனப் பை, அதற்குள் கனமாக ஏதோ. கவுண்டரில் வைத்தார். வேலையில் இருந்த காலத்திலிருந்து அவர் இடுப்பைவிட்டு இறங்காத பெரிய துப்பாக்கியும், பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும்.

என்னைப் பார்க்காமல் காபிப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பையை எடுத்துக்கொண்டேன்.

ஓடெல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன டோய்ல், குழிமுனையா, உருண்டையா?"

டோய்ல் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தார்.

"தெரியல ஓடெல்," என்றார். "நான் இன்னும் முடிவு பண்ணல."

ஓடெல் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளி நகர்த்தினார். "அவசரமில்ல. வந்து உக்காரு," என்றார். நான் பெட்டகத்தைப் பூட்டிவிட்டு வந்து காபி போட்டேன்.